கோழியும் முட்டையும் குறையும்போது: அறிகுறி வாரியாகக் காரணம் அறியும் வழிமுறை

வீட்டுக் கொல்லையில் முதன்முறையாகக் கோழி வளர்க்கும் குடும்பம், காலையில் கூட்டைத் திறக்கையில் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கண்டால், எந்த விலங்கு வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் துடிக்கும். அது இயல்பே. ஆனால் அந்த விலங்கு எந்த நேரத்தில், எந்த வழியாக உள்ளே வந்தது என்பது தெரிந்தால்தான் பழுதைச் சரிசெய்ய முடியும். கீரியை விரட்டிவிட்டால் அடுத்து மரநாய் வரும். மரநாயைப் பிடித்து அப்புறப்படுத்தினாலும் அது உலவிய இடத்துக்கு வேறொன்று வந்து சேரும். வழி அடைபட்டால் அத்தனையும் நின்றுபோகும். ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும், எது வந்திருக்கலாம் என்பதோடு எங்கே பார்க்க வேண்டும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். சிதறிய இறகு, இரத்தக் கறை, ஓட்டுத் துண்டு, மண்ணில் பதிந்த காலடி ஆகியவை எங்கே கிடக்கின்றன என்று பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள கோழிகளை எண்ணி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இறகை விலக்கிக் கழுத்து, முதுகு, செட்டையின் அடிப்பக்கம், வால் பகுதி ஆகிய இடங்களில் காயம் உண்டா என்று தடவிப் பாருங்கள்; அடர்ந்த இறகுக்குள் ஒரு பல் குத்திய துளை வெளியே தெரியாமலே இருக்கும்.

அடுத்து, இழப்பு பகலில் நேர்ந்ததா இரவில் நேர்ந்ததா என்று தீர்மானியுங்கள். பருந்து, வல்லூறு, காகம், கீரி ஆகியவை பகலில் வருபவை. ஆந்தை, மரநாய், எலி, பெருச்சாளி ஆகியவை பெரும்பாலும் இருட்டில் வருகின்றன. நாய், பூனை, நரி, பாம்பு ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. நரிக்கு அந்தியும் விடியலும் உகந்த வேளை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பதால், அடைந்த கோழி ஆபத்து வந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரவில் நுழையும் விலங்கு ஒன்றோடு நிற்காமல் பலவற்றைக் கொன்றுவிட இதுவும் ஒரு காரணம்.

ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு அந்த விலங்கு அடுத்த சில இரவுகளிலேயே திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஆகையால் காரணம் தெரியும்வரை கோழிகளை அதே கூட்டில் விடாமல், நான்கு பக்கமும் உறுதியான ஓர் அறையிலோ, கனமான மூடியும் காற்றோட்டமும் உள்ள பெட்டியிலோ இரவில் அடைத்துவையுங்கள். காலியான கூட்டைச் சுற்றி மெல்லிய மணலையோ மாவையோ தூவிவைத்தால் காலடி பதியும்: நாயின் தடத்தில் நகக்குறி தெரியும், பூனை நடக்கையில் நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் அதன் தடத்தில் தெரியாது, பாம்பு ஊர்ந்த தடம் வளைந்த கோடாக நிற்கும்.

ஒரு கோழி அடியோடு காணவில்லை. ஓரிரு இறகு மட்டும் கிடக்கிறது

கோழியை முழுதாகத் தூக்கிச் செல்லும் வலிமை நரிக்கும் நாய்க்கும் உண்டு; சிறிய கோழியானால் காட்டுப்பூனையும் தூக்கிவிடும். வேலியின் அடியில் புதிதாகத் தோண்டிய மண் இருக்கிறதா, வேலிக் கம்பியில் இறகோ உரோமமோ சிக்கியிருக்கிறதா என்று வேலியை ஒட்டி ஒரு சுற்று நடந்து பாருங்கள். தோண்டிய தடம் இல்லையென்றால் பெரும்பாலும் கதவுதான் திறந்திருந்திருக்கும்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல பேர் சேர்ந்து வளர்க்கும் வீட்டில் கூட்டின் பெரிய ஓட்டை இதுதான். அம்மா அடைத்திருப்பார் என்று மகனும், மகன் அடைத்திருப்பான் என்று அம்மாவும் நினைத்துக்கொள்ளும் ஒரு மாலை போதும். எல்லோருக்கும் பொதுவான வேலையாக விடாமல், கிழமைக்கு ஒருவர் என்று பெயர் எழுதிக் கூட்டின் கதவிலேயே ஒட்டுங்கள். அன்றைய பொறுப்பாளர் கதவைச் சாத்தும் முன் தலைகளை வாய்விட்டு எண்ணி, எண்ணிக்கையை எழுதிவைக்க வேண்டும். சிறுவர்கள் இந்த வேலையை மிகச் சரியாகச் செய்வார்கள். எண்ணுவதை அவர்களிடம் விட்டுவிட்டு, தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் பார்த்தால் போதும். தானியங்கிக் கதவு பொருத்தியிருந்தாலும் எண்ணுவதை நிறுத்தக் கூடாது. கதவு நேரத்துக்கு மூடிக்கொள்ளும். வெளியே நிற்கும் கோழிக்காக அது காத்திருக்காது.

எண்ணிக்கை குறைந்ததும் விலங்கின் மேல் பழிபோடும் முன், அந்தக் கோழி எங்காவது புதரில் அடை கிடக்கிறதா என்றும் தேடுங்கள். ஒளிந்து முட்டையிட்டு அடைகாக்கும் கோழி, இரை எடுக்க நாளுக்குச் சிறிது நேரமே வெளியே வரும்; சேவலோடு சேர்ந்து இட்ட முட்டையானால் 21 நாளில் குஞ்சுகளோடு வந்து நிற்கவும் கூடும். ஆனால் இரவெல்லாம் தரையில் கிடக்கும் அந்தக் கோழிக்குப் பாதுகாப்பே இல்லை. கண்டுபிடித்தால் இருட்டியபின் முட்டைகளோடு சேர்த்துப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பல கோழிகள் செத்துக் கிடக்கின்றன. தின்ற அடையாளம் இல்லை

வெட்டவெளியில் அங்கங்கே சிதறிக் கிடந்து, தொடை, முதுகு, வால் பக்கங்களில் பெரிய கடிகளும் கிழிசலும் இருந்தால் நாயை நினைக்கலாம். பசிக்காக அன்றி, ஓடுவதைத் துரத்தும் இயல்பால் நாய் கொல்கிறது. ஆகவே தின்னாமல் விட்டுச் செல்லும். கோழிவலை எனப்படும் மெல்லிய அறுகோணக் கம்பிவலையை அது முன்காலால் அழுத்தியும் பல்லால் இழுத்தும் கிழித்துவிடும். அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் பயன்படும், வெளியில் இருப்பதைத் தடுக்காது.

கூட்டுக்குள்ளேயே, கழுத்திலும் தலையின் பின்பக்கத்திலும் சிறு பற்குறிகளோடு கோழிகள் கிடந்தால் கீரி, மரநாய் போன்ற உடல் நீண்ட விலங்கு நுழைந்திருக்கலாம். அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடக்கும்போது தேவைக்கு மேல் கொல்வது இத்தகைய விலங்குகளின் இயல்பு. இவற்றுக்குப் பெரிய வழி தேவையில்லை. கூரைக்கும் சுவருக்கும் இடையே விடப்பட்ட காற்றுப்போக்கு இடைவெளியே போதும். மரநாய் நன்றாக மரம் ஏறும் என்பதால், கூட்டின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும்.

காயமே இல்லாமல் பல கோழிகள் ஒரே சமயத்தில் செத்திருந்தால் அது பெரும்பாலும் விலங்கின் வேலை அல்ல. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளல், மூச்சுத் திணறல் ஆகியவை முன்பே தென்பட்டிருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். பறவைக் காய்ச்சலிலும் திடீரென்று பல கோழிகள் சாகும். செத்ததை வெறுங்கையால் தொடாமலும் சமைக்காமலும், அதே நாளில் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி உண்டு. நோய் வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

தலையோ காலோ மட்டும் இல்லை

உடல் கம்பிவலையை ஒட்டிக் கிடந்தால், வெளியே நின்ற விலங்கு வலைக் கண்ணின் வழியே எட்டிய பாகத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. பெரிய கண் உள்ள வலைக்கு அருகே கோழி அடையும் கம்பு இருந்தால் இது நேரும். கம்பைச் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையிலாவது நெருங்கிய வலையை இரண்டாம் அடுக்காகக் கட்டுங்கள். உடல் திறந்த இடத்திலோ மரக்கிளையின் கீழோ கிடந்து, தலையும் கழுத்தும் மட்டும் இல்லையென்றால் ஆந்தையாக இருக்கலாம்; மரத்தில் அடையும் பழக்கமுள்ள கோழிகளைக் கூட்டுக்குள் பழக்குவதே அதற்குத் தீர்வு. உயிரோடு இருக்கும் கோழியின் கால்விரல்கள் இரவில் கடிபட்டிருந்தால் எலியைத் தேடுங்கள்.

திறந்த வெளியில் இறகுக் குவியல்

ஒரே இடத்தில், வட்டமாக, பிடுங்கிப் போட்டதுபோல் இறகுகள் கிடந்து, உடல் இருந்தால் மார்புக் கறி தின்னப்பட்டிருந்தால், அது பகலில் வேட்டையாடும் பறவை. பருந்தை விரட்ட மனிதர் எப்போதும் காவல் நிற்க முடியாது. கோழி சில அடி தூரத்தில் ஓடி ஒளிய இடம் வேண்டும். தாழ்ந்த புதர், சாய்த்து வைத்த பலகை, மேசை போன்ற தாழ்வான பந்தல் ஆகியவற்றை மேய்ச்சல் இடத்தில் அங்கங்கே அமைத்தால், சேவலோ மூத்த கோழியோ எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் மற்றவை ஒளிந்துகொள்ளும். குஞ்சுகள் உள்ள அடைப்புக்கு மேற்கூரை வலை கட்டாயம். தரையை ஒட்டித் தளர்வான பிளாஸ்டிக் வலையைக் கட்ட வேண்டாம். பாம்பும் சிறு பறவைகளும் அதில் சிக்கித் துடித்துச் சாகின்றன.

குஞ்சுகள் மட்டும் குறைகின்றன

பகலில் குறைந்தால் காகம், வல்லூறு, பூனை, கீரி ஆகிய அனைத்துக்கும் வாய்ப்பு உண்டு. இரவில், மூடிய கூட்டிலிருந்து தடயமே இல்லாமல் குஞ்சு குறைந்தால் எலியும் பாம்பும்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் நனைந்து, இறகு ஒட்டிப்போய் இருந்தால், விழுங்கத் தொடங்கிய பாம்பு முடியாமல் விட்டுச் சென்றிருக்கிறது என்று கொள்ளலாம். எலியானால் மூலையில், பலகைக்கு அடியில், வளையின் வாய் தெரியும். சில சமயம் குஞ்சை அதற்குள் இழுத்துச் சென்றிருக்கும்.

இவை இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இரவில் தீவனத் தொட்டியில் மிச்சம் இருந்தால் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். இருட்டும் முன் தீவனத்தை எடுத்து மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். கூட்டைச் சுற்றிக் கிடக்கும் விறகு, கல், பலகைக் குவியல்களை அகற்றுங்கள். எலிக்கு நஞ்சு வைப்பதை நான் ஒப்பவே மாட்டேன். நஞ்சு தின்ற எலியைக் கொத்தும் கோழிக்கும், பிடிக்கும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். பாம்பைக் கண்டால் குழந்தைகளை விலக்கி, பயிற்சி பெற்றவரை அழையுங்கள். கம்பால் அடிக்க நெருங்குவதுதான் பலருக்குக் கடி விழும் தருணம்.

முட்டை காணவில்லை அல்லது உடைந்திருக்கிறது

ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: கோழி வேறிடத்தில் இடுகிறது, பாம்பு முழுதாக விழுங்கியது, காகமோ கீரியோ எலியோ தூக்கிச் சென்றது. முதலாவதைத் தெளிவாக்க, இரண்டு மூன்று நாட்கள் பிற்பகல் வரை கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்துப் பாருங்கள். முட்டை கிடைத்தால், பொந்திலோ வேலியோரத்திலோ ஒளித்து இட்டிருக்கிறது என்பது உறுதி. முட்டைப் பெட்டியில் மஞ்சள் கரு ஒழுகி, கூளம் ஈரமாகி, ஒரு கோழியின் அலகில் மட்டும் கரு காய்ந்திருந்தால் அந்தக் கோழியே தின்கிறது. மெல்லிய ஓடு தற்செயலாக உடைந்து, சுவை தெரிந்தபின் இது பழக்கமாகிவிடும். அடிக்கடி முட்டையை எடுப்பது, பெட்டியை இருட்டாக்குவது, பெட்டிக்குள் மரத்தாலான பொய்முட்டை வைப்பது, நான்கு ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி இருக்கும்படி செய்வது ஆகியவை உதவும்.

ஓட்டையே தெரியவில்லை, ஆனாலும் உள்ளே வந்துவிட்டது

இந்த அறிகுறிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். நல்ல வெயில் நேரத்தில் ஒருவர் கூட்டுக்குள் புகுந்து, கதவைச் சாத்தச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகும்வரை அமைதியாக உட்காருங்கள். பலகை இடுக்கு, கூரை விளிம்பு, கதவின் கீழ்ப்பகுதி, முட்டைப் பெட்டியின் மூடி என்று எங்கெங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். வெளியே வந்ததும் ஒவ்வொரு குறியிலும் சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். விரல் போகும் இடத்தில் எலிக்குட்டி போகும். இரண்டு விரல் போகும் இடத்தில் அதைவிடப் பெரியதும் போகும்.

பிறகு வலை. கோழிவலைக்குப் பதிலாக, வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பிவலையை, கண் 12 மில்லிமீட்டருக்கு மேற்படாததாக வாங்குங்கள். குஞ்சுகள் இருக்கும் பகுதியின் அடிப்பாகத்துக்கு 6 மில்லிமீட்டர் கண் நல்லது. வலையைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் இடங்களைக் கட்டைவிரலால் உட்பக்கம் அழுத்துங்கள். சிறு ஸ்டேப்ளர் பின்களால் அடித்த வலை அந்த அழுத்தத்திலேயே எழும்பி, பின் ஒருபக்கம் கழன்று நிற்பதைக் காணலாம். நாயின் தோள் முட்டினால் முழு விளிம்பும் பிரிந்துவிடும். அகன்ற வாஷர் வைத்த திருகாணியோ, வலையின் விளிம்பின் மேல் ஒரு மரப்பட்டியை வைத்து இறுக்குவதோதான் நிற்கும்.

தோண்டுபவற்றுக்கு எதிராக வலையை 30 செ.மீ. ஆழம் புதைக்கலாம், என் தேர்வு வேறு. சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக 45 முதல் 60 செ.மீ. அகலத்துக்கு வலையைத் தரையிலேயே விரித்து, சுவரோடு பிணைத்து, மேலே கல்லோ மண்ணோ போட்டுவிடலாம். நரியும் நாயும் சுவரின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். காலடியில் வலை தட்டுப்படும்போது பின்னால் நகர்ந்து தோண்ட வேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றுவதில்லை. குழி வெட்டும் உழைப்பும் மிச்சம்.

தாழ்ப்பாள் இரண்டு அசைவில் திறப்பதாக இருக்கட்டும்: தூக்கிய பிறகு இழுக்க வேண்டும், அல்லது நாதாங்கியில் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். முட்டைப் பெட்டியின் மூடிக்கும் அது பொருந்தும். கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இந்த மூடியை வெறுமனே சாத்தி வைப்பவர்கள் பலர். எல்லாவற்றையும் அடைக்கும் வேகத்தில் காற்றுப்போக்கையும் அடைத்துவிட வேண்டாம். எச்சத்தின் அம்மோனியா நெடி கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் கெடுக்கும். அடையும் கம்புக்கு மேலே, கூரையின் கீழே, வலையிட்ட திறப்புகள் வேண்டும்.

கூடு உறுதியாக இருக்கிறது. முட்டை மட்டும் நின்றுவிட்டது

நாய் சுற்றி வந்து குரைத்த இரவுக்குப் பிறகு, ஒரு கோழியும் சாகாமலே சில நாட்கள் முட்டை குறைவது உண்டு. அச்சம் தணிந்தால் தானே திரும்பும். அச்சம் காரணமல்ல என்றால் பகல் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள்: தொடர்ந்து முட்டையிட நாளுக்கு ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் தேவை. இறகு உதிர்க்கும் பருவத்திலும் முட்டை நிற்கும். இரண்டு மூன்று மாதங்கள் பொறுக்க வேண்டும். தண்ணீர் ஒரு நாள் தீர்ந்துபோனாலும் முட்டை குறையும்.

கெட்டியான ஓடின்றி மெல்லிய தோல் மட்டும் உள்ள தோல்முட்டை வந்தால், சுண்ணச்சத்தை, அதாவது கால்சியத்தை, பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தோடு, நொறுக்கிய கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தால் தேவையான கோழி தானே தேவைப்படும் அளவு எடுத்துக்கொள்ளும். இன்னும் முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கக் கூடாது. மிகையான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடும் வெப்பத்தில் வாய் பிளந்து மூச்சுவிடும் கோழியின் ஓடும் மெலியும். அதற்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து.

அந்தி சாய்ந்தும் கூட்டுக்குள் போக மறுக்கின்றன

பழகிய கூட்டைக் கோழி திடீரென்று வெறுத்தால் அதற்குக் காரணம் இருக்கும். உள்ளே பாம்பு சுருண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இல்லையென்றால் சிவப்பு உண்ணியைச் சந்தேகியுங்கள். இது பகலில் பலகை இடுக்குகளில் ஒளிந்து, இரவில் மட்டும் ஏறி இரத்தம் குடிப்பதால், பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாக இருட்டியபின் ஒரு வெள்ளைத் தாளைக் கம்பின் அடிப்பக்கத்திலும் அதன் முனைகள் சுவரில் பொருந்தும் இடத்திலும் அழுத்தித் தேயுங்கள். தாளில் சிவப்புக் கீறல் விழுந்தால் அது உண்ணி குடித்த இரத்தம். கூளம் முழுவதையும் அகற்றி, கம்புகளைக் கழற்றி, இடுக்குகளைக் கொதிநீரால் கழுவி உலர்த்தி, ஒரு வாரத்துக்குள் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். மருந்து தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு, முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடிபட்ட கோழி உயிரோடு இருக்கிறது

முதலில் மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்தும். விலங்கு விட்டுவைத்த உயிரைக் கூட்டாளிகளே முடித்துவிடக்கூடும். இருட்டான, வெதுவெதுப்பான, அமைதியான பெட்டியில் வைத்துத் தண்ணீரை அருகே வையுங்கள். அதிர்ச்சி தணிந்தபின் காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரால் கழுவுங்கள். கிழிந்த தோலைவிட ஆழமாகக் குத்திய பற்குறியே ஆபத்தானது. வெளியே ஆறியதுபோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும் என்பதால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈ மொய்க்காமல் மூடி வைத்து, காலையும் மாலையும் புழு உண்டா என்று பாருங்கள். தொட்டுப் பார்த்த குழந்தைகளும் பெரியவர்களும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். நலமாகத் தெரியும் கோழியின் உடலிலும் சால்மோனெல்லா இருக்கக்கூடும்.

புண் ஆறி, புது இறகு முளைத்தபின் நேரே கூட்டத்தில் விடாமல், ஒன்றையொன்று பார்க்கும்படி வலைக்கு இப்புறமும் அப்புறமுமாகச் சில நாட்கள் வைத்திருந்து, பிறகு ஒரு மாலையில், மற்றவை கம்பில் அடைந்த பின்பு, அதையும் கம்பின் ஓரத்தில் உட்காரவைத்துவிடுங்கள். மறுநாள் காலை சற்று முன்னதாகவே எழுந்து, தீவனத்தை இரண்டு இடங்களில் வைத்து, யார் யாரைக் கொத்துகிறது என்று அரை மணி நேரம் பார்த்திருங்கள். விடாமல் துரத்தும் கோழி ஒன்று இருந்தால் காயம்பட்டதைப் பிரிக்காமல் அந்தத் துரத்தும் கோழியை இரண்டு நாள் தனியே வையுங்கள்.